கட்டுத்தரை, கவலைக் கிணறு, கொறங்காடு: பழைய கொங்குத் தோட்டத்தை எப்படிக் காப்பது

காங்கயம், தாராபுரம், பல்லடம் பக்கம் நூறு வருடம் தாண்டிய தோட்டம் ஒன்று கைமாறும்போது முதலில் விலை பேசப்படுவது தேக்குத் தூணும் வாசல் நிலவுக்காலும்தான். அடுத்து மாட்டுக்குத் தண்ணீர் வைத்த கல் தொட்டிக்கு ஆள் வருகிறது. மாடு கட்டும் கட்டுத்தரையின் கல் பாவிய தரையையோ, மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த கிணற்று மேட்டில் நிற்கும் கவலைக் கல்லையோ, இரு பக்கமும் வேலியுள்ள வண்டிப்பாதையான இட்டேரியின் கிளுவை முள்வேலியையோ யாரும் விசாரிப்பதில்லை. ஜேசிபி வந்ததும் முதலில் போவதும் அவைதான். ஒரு பண்ணையின் மரபு மதிப்பில் பெரும்பங்கு இந்தச் சின்னச் சின்னக் கட்டுமானங்களிலும், அவை ஒன்றுக்கொன்று அமைந்திருக்கும் இடத்திலும்தான் இருக்கிறது. வேலைப்பாடு மிகுந்த தூண் செட்டிநாட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே கட்டுத்தரை, களம், கிணறு மூன்றும் கண்ணில் படும்படி அமைத்த தோட்டத்தை வேறெங்கும் கொண்டுபோய் நட முடியாது. முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். இடிந்துபோக இருந்த வீடுகளுக்கு அது நல்ல வழி. ஆனால் பண்ணைக்கு அந்த வழி கிடையாது. கிணற்றைப் பெயர்த்து வண்டியில் ஏற்ற முடியாதே.

மழை மறைவில் கிடக்கும் பூமி இது. அதனால் நிலத்தையே மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள்: கிணற்றுப் பாசனத்தில் தோட்டம், மானாவாரியில் காடு, மேய்ச்சலுக்குக் கொறங்காடு. கொறங்காட்டைச் சுற்றி முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் மரம். ஒரே வேலிக்குள் எல்லாவற்றையும் வைக்காமல் பல துண்டாக அடைத்து, ஒன்றை மேய்க்கும்போது மற்றதை ஆறப்போட்டார்கள். புல் காய்ந்த கோடையில் வெள்வேல் காய் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி. காங்கயம் மாடு இந்த மேய்ச்சலில் உருவான இனம். பழையகோட்டைப் பட்டக்காரர் (பரம்பரைத் தலைவர்) குடும்பம் அதைப் பேர்பெற வைத்ததற்குப் பின்னாலும் கொறங்காடுகள்தான் இருந்தன. ஆகவே கொறங்காட்டை விற்றுவிட்டுத் நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய தொட்டிக்கட்டு வீட்டை மட்டும் பளபளப்பாக்கினால், மாடு எதைத் தின்று அந்த வீட்டைக் கட்டிக்கொடுத்தது என்ற கேள்விக்கே விடை இல்லாமல் போகும்.

முதலில் படிக்க வேண்டும், பிறகுதான் கை வைக்க வேண்டும்

வேலை தொடங்குமுன் தோட்டம் முழுவதையும் ஒரு படமாக வரையுங்கள். 30 மீட்டர் டேப், கிராஃப் தாள், திசைகாட்டி போதும். கட்டடங்களை 1:50 அளவிலும் மொத்தத் தோட்டத்தை 1:500 அளவிலும் வரையலாம். ஒவ்வொரு அறைக்கும் நான்கு பக்க அளவோடு இரண்டு மூலைவிட்ட அளவையும் எடுங்கள். பழைய அறை எதுவும் சரியான சதுரமாக இருக்காது. மூலைவிட்டம் இல்லாமல் வரைந்தால் நான்காவது சுவர் தாளில் மூடாது. சுவரின் கனத்தையும் குறியுங்கள். ஒரு சுவர் ஒன்றரை அடியும் அதை ஒட்டிய சுவர் முக்கால் அடியும் இருந்தால் இரண்டாவது பின்னால் சேர்த்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படத்தில் வீட்டார் சொல்லும் பெயர்களையே எழுதுங்கள்: ஆசாரம் (முன்கூடம்), அட்டாலி (பரண்), பொடக்காணி (புழக்கடை), சாளை (தோட்டத்துக் குடிசை). வயலுக்கும் அப்படியே. மேட்டுக்காடு, கிணத்துமேடு என்று அழைக்கும் பெயர்கள் பட்டாவில் சர்வே எண்ணாக மட்டும் நிற்கின்றன. அந்தப் பெயர்கள் தெரிந்த பெரியவர்களிடம் படத்தைக் காட்டிக் கேட்டால், இடிந்துபோன பட்டி எங்கே இருந்தது, தானியக் குழி எங்கே மூடிக் கிடக்கிறது என்பதும் சேர்ந்து வரும்.

வயதைக் கண்டுபிடிக்க நல்ல சாட்சி கூரை. ஆலையில் செய்த மங்களூர் ஓடான சீமை ஓட்டின் அடிப்பக்கத்தில் ஆலையின் முத்திரை இருக்கும். மங்களூரில் பேசல் மிஷன் 1865-ல் ஓட்டு ஆலை தொடங்கியது. அந்த ஆண்டு ஓட்டில் பதிந்திருந்தால் அது ஆலை தொடங்கிய ஆண்டுதான், ஓடு சுட்ட ஆண்டு அல்ல. இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு 1865 என்று பலகை மாட்டுவது தவறு. முதல் உலகப் போருக்குப் பின் அந்த ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. அந்தப் பெயர் பதிந்த ஓடு அதற்குப் பிந்தியது. ஓடு கூரையின் வயதைத்தான் சொல்லும், சுவரின் வயதை அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். நாட்டு ஓட்டையோ பனையோலையையோ எடுத்துவிட்டுச் சீமை ஓடு போட்ட வீடுகள் நிறைய. கைமரத்தில் (கூரையின் சாய்வுச் சட்டத்தில்) பழைய ஆணித் துளைகள் வேறு இடைவெளியில் இருந்தால் அப்படி மாறியிருக்கிறது என்று பொருள்.

சிமெண்டும் உதவும். கோவை பக்கத்து மதுக்கரை சிமெண்ட் ஆலை 1934-ல் வந்த பிறகே இந்தப் பக்கம் சிமெண்ட் எளிதாகக் கிடைத்தது. மூல வேலையிலேயே சிமெண்ட் இருக்கும் கட்டடத்தை அதற்கு முன் தள்ளுவதற்கு வலுவான வேறு ஆதாரம் வேண்டும். பத்திரங்களில் தேதி அழிந்திருந்தால் முத்திரைத்தாளின் தலையைப் பாருங்கள். ஏழாம் எட்வர்ட் என்றால் 1901–1910, ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910–1936.

கவலைக் கிணறு தனியாக ஒரு ஆவணம். மாடுகள் முன்னும் பின்னும் நடந்த சரிவின் நீளத்தை அளந்து பாருங்கள். ஒற்றை உருளையில் வடக்கயிறு ஓடியதால், மாடு எவ்வளவு தூரம் நடந்ததோ அவ்வளவு உயரத்துக்குத்தான் தண்ணீர் மொண்ட சால் மேலே வந்திருக்கும். எனவே சரிவு 40 அடி என்றால், கவலை ஓடிய காலத்தில் கோடையில் தண்ணீர் ஏறக்குறைய 40 அடியில் இருந்தது. சரிவின் கடைசிப் பகுதியில் மண்ணோ கல்லோ வேறாக இருந்தால், கிணற்றை ஆழப்படுத்தியபோது சரிவை நீட்டியிருக்கிறார்கள். இன்று ஆயிரம் அடி ஆழ்துளையைப் பற்றிப் பேசும் ஊரில், நிலத்தடி நீர் இருந்த இடத்தைக் காட்டும் அளவுகோல் அந்தச் சரிவு. 1932-ல் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்து, பிறகு தோட்டங்களுக்கு மோட்டார் பரவியதும் கவலை நின்றது. மோட்டார் அறைகூட இன்றைக்குப் பழமைதான். சுண்ணாம்பில் கட்டிய மோட்டார் அறையும் அதன் பழைய ஸ்விட்ச் பலகையும் இருந்தால் அவற்றையும் படத்தில் சேருங்கள், இடிக்காதீர்கள்.

வேலையின் வரிசை

முதலில் தண்ணீரைத் தடுப்பது, பிறகு மரம், கடைசியில் சுவர். இந்த வரிசையை மாற்றினால் பணம் இரண்டு முறை செலவாகும். சுவருக்கு அழகாகப் பூசிவிட்டுக் கூரையை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. ஒரே மழையில் பூச்சு ஊறிக் கழன்றுவிடும்.

கூரையில் தொடங்குங்கள். நாட்டு ஓடு என்றால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரித்து மேய வேண்டும். குரங்கு, மயில், தென்னை மட்டை எல்லாம் ஓட்டை நகர்த்தும். நகர்ந்த ஓட்டின் வழியே சொட்டும் தண்ணீர் கைமரத்தின் ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருக்கும். சீமை ஓட்டுக்கு 100 சதுர அடிக்கு 140 முதல் 150 ஓடு பிடிக்கும். உடைவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து வாங்குங்கள். முகட்டிலிருந்து கீழ்நோக்கிப் பிரித்து, ஆலை முத்திரை வாரியாக அடுக்குங்கள். இது வெறும் ஒழுங்குக்காக அல்ல. ஆலைக்கு ஆலை ஓட்டின் அளவும் கவ்வும் சற்று மாறும். கலந்து போட்டால் இடுக்கு மூடாமல் காற்றோடு வரும் சாரல் உள்ளே இறங்கும். ஒரு சரிவுக்கு ஒரே ஆலை ஓடு, மிஞ்சியதை மறு சரிவுக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். விரல் கணுவால் தட்டினால் கணீரென்று கேட்கும் ஓடு நல்லது. மொத்தையாகக் கேட்டால் உள்ளே விரிசல். ஓடு தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பரின் இடைவெளியை முன்கூட்டி முடிவு செய்யாதீர்கள். கையிலிருக்கும் ஓட்டை நான்கைந்து கோத்துப் பார்த்து அளவெடுங்கள். பெரும்பாலும் பன்னிரண்டரை அங்குலம் வரும். முகட்டு ஓட்டைச் சுண்ணாம்புச் சாந்தில் பதியுங்கள். சிமெண்டில் பதித்தால் வெயிலுக்குச் சாந்து வெடிக்கும், அடுத்த முறை பிரிக்கும்போது ஓடும் சேர்ந்து உடையும்.

தரை மட்டத்தையும் பார்க்க வேண்டும். சாலை போடப் போட, சாணமும் மண்ணும் சேரச் சேர, வாசல் உயர்ந்து வீடு பள்ளத்தில் நிற்பது பழைய தோட்டங்களில் சகஜம். சுவரைச் சுற்றி மூன்று நான்கு அடி அகலத்துக்கு மண்ணை வெட்டி, உள்தரையைவிட அரை அடியாவது தாழ்வாக்கி, வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள். அங்கே கான்கிரீட் தளம் மட்டும் போட்டுவிடாதீர்கள். கீழே உள்ள ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள் ஏறும். அடித்தளக் கல் வெளியே தெரியும்படி வெட்டாதீர்கள். அது பிடிமானத்தைக் கெடுக்கும்.

மரத்தில் முதலில் கெடுவது சுவருக்குள் போகும் விட்டத்தின் முனை. திருப்புளியால் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் எளிதாக இறங்கினால் அந்த முனை போய்விட்டது. அதற்காக முழு விட்டத்தையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. முட்டுக் கொடுத்து, கெட்ட பகுதியை நல்ல மரம் வரை அறுத்துவிட்டு, அதே வகைப் பழைய மரத்தில் புது முனை செய்து சாய்வெட்டாக இணைத்து போல்ட் முடுக்கலாம். இணைப்பின் நீளம் விட்டத்தின் உயரத்தைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். புது முனை சுவருக்குள் உட்காரும் இடத்தில் மூன்று பக்கமும் விரல் நுழையும் அளவு காற்று இடைவெளி விடுங்கள். சாந்தை அடைத்து மூடுவதால்தான் முனை மறுபடி மக்குகிறது.

கரையான் ஏறிய மண் கோட்டைத் தட்டிவிட்டால் போதாது. அது எந்த இடத்தில் தரையைத் தொடுகிறது என்று தேட வேண்டும். உள்மரங்களுக்குப் போராக்ஸ் 3 பங்கு, போரிக் அமிலம் 2 பங்கு என்ற எடையில் கலந்து, 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ கரைத்து, மரம் குடிக்கும்வரை இரண்டு மூன்று முறை தடவலாம். மழை படும் மரத்துக்கு இது ஆகாது, கரைந்து போய்விடும். அங்கே முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுவது பழைய வழக்கம். பனை வாரை (பனைமரச் சட்டம்) உள்ளிருக்கும் மென்மையான சோறு போய் கெட்டியான வெளிப்பகுதி மட்டும் நிற்கும் நிலைக்கு வந்திருந்தால் இணைக்க முயலாமல் மாற்றிவிடுங்கள்.

சிமெண்ட் ஏன் கூடாது

மண்சுவரும் சுண்ணாம்புச் சுவரும் தரையிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை உள்ளே வாங்கி, வெயில் அடிக்கும்போது வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைக்கிறது. ஈரம் பூச்சுக்குப் பின்னால் தேங்கி மேலே ஏறும். அதோடு வரும் உப்பு, பூச்சு முடியும் இடத்தில் பூத்துச் செங்கல்லையும் மண்ணையும் பொரிய வைக்கும். மூன்று நான்கு மழைக்குப் பின் பூச்சு பாளமாகக் கழலும்போது சுவரின் தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு விழும். சுவர் பழசாகிவிட்டது என்று அப்போது பழி சுவர்மேல் விழுகிறது. கட்டுத்தரைச் சுவரில் இது இன்னும் வேகமாக நடக்கும். மாட்டு மூத்திரத்தில் உப்பு அதிகம்.

சுண்ணாம்புச் சாந்துக்குச் சுட்ட கல் சுண்ணாம்பு வாங்கி, தொட்டியில் முதலில் தண்ணீரை நிரப்பி, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம். மூன்று வாரமாவது தண்ணீருக்கு அடியிலேயே ஊறட்டும், நாளானால் இன்னும் நல்லது. நீறாத கட்டி சாந்தில் தங்கிவிட்டால் பூசிய பிறகு சுவரில் நீறி, சின்னச் சின்னக் குழியாக வெடிக்கும். அதனால் சல்லடையில் வடிகட்டுவதைத் தவிர்க்கக் கூடாது. ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கழுவிய மணல். ஈரம் அதிகமுள்ள அடிச்சுவருக்கு மணலில் ஒரு பகுதியைக் குறைத்து, நன்றாகச் சுட்ட செங்கல் பொடி சேர்த்தால் இறுகும். கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு ஊறவைத்த தண்ணீரைச் சேர்ப்பது நம் பழக்கம். அளவு மேஸ்திரிக்கு மேஸ்திரி மாறுகிறது. வெல்லம் கூடினால் இறுக நாளாகும், எறும்பும் வரும். ஒரு சதுர அடியில் பூசிப் பார்த்து, பத்து நாள் கழித்து நகத்தால் கீறிச் சோதித்த பின் அளவை நிலைநிறுத்துங்கள்.

சுவரை நனைத்துவிட்டுப் பூசுங்கள். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கனமாக அப்பினால் மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும், வலைபோல வெடிக்கும். கோடை வெயிலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, பத்து நாளாவது காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்துக்கு எடுத்தவர் மூன்றாம் நாளே சாக்கை எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். சுண்ணாம்பு சரியில்லை என்ற பேர் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

மண்சுவர் இடிந்திருந்தால் விழுந்த மண்ணை அள்ளி வெளியே கொட்டிவிடாதீர்கள். அந்தச் சுவருக்கு அதைவிடப் பொருத்தமான மண் கிடைக்காது. ஊறவைத்து, நறுக்கிய வைக்கோல் சேர்த்து மிதித்து, நான்கைந்து நாள் புளிக்கவிட்டு, பழைய விளிம்பை நனைத்துப் படிப்படியாக ஏற்றுங்கள். விரிசலை அடைக்குமுன் அது நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். குறுக்கே ஒரு கை அகலத்துக்குச் சுண்ணாம்பு அப்பி அதன்மேல் தேதி எழுதிவிடுங்கள். ஒரு மழைக்காலம் தாண்டியும் அது உடையவில்லை என்றால் விரிசல் பழையது, அடைத்துவிடலாம். உடைந்தால் கோளாறு அடித்தளத்திலோ பக்கத்து மரத்தின் வேரிலோ இருக்கிறது.

கிணறு, குழி, வேலி

சாந்தில்லாமல் கல்லடுக்கிக் கட்டிய கிணற்றுச் சுவருக்குச் சிமெண்ட் பூசுவது ஆபத்து. மழைக்குப் பின் மண்ணில் ஊறிய தண்ணீர் கல்லிடுக்கு வழியே கிணற்றுக்குள் வடிய வேண்டும். அடைத்துவிட்டால் பின்னாலிருந்து தள்ளிச் சுவரையே உள்ளே சாய்க்கும். ஆல், அரசு கன்றுகள் ஒரு முழம் இருக்கும்போதே வருடம் ஒருமுறை எடுத்துவிடுங்கள். வேர் பருத்த பிறகு பிடுங்கினால் கல் சேர்ந்து வரும். அப்போது தண்டை அறுத்து, தளிர்க்கத் தளிர்க்க வெட்டி, வேரை உள்ளேயே சாகவிடுவதுதான் வழி.

சோளமும் கம்பும் கொட்டி வைத்த தானியக் குழிகள் களத்தின் ஓரத்தில் மூடிக் கிடக்கலாம். உள்ளே காற்று கெட்டிருக்கும். திறந்தவுடன் இறங்கியவர்கள் மூச்சு முட்டிச் செத்திருக்கிறார்கள். ஒரு முழு நாள் திறந்து போடுங்கள். பிறகு விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பாருங்கள். அணைந்தால் இறங்கக் கூடாது. அணையாவிட்டாலும் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு ஆள் இல்லாமல் இறங்கக் கூடாது. படம் வரையவும் அளவெடுக்கவும் மேலிருந்தே விளக்கும் கேமராவும் விட்டால் போதும். முக்கியமாகக் குழியின் இடத்தைக் கல் நட்டு அடையாளப்படுத்துங்கள், டிராக்டர் சக்கரம் அதன்மேல் ஏறிவிடக் கூடாது.

கிளுவை வேலியின் இடைவெளியைக் கம்பியால் அடைப்பதைவிடப் போத்து (கிளைத் துண்டு) நட்டு அடைப்பது மலிவு. இலை உதிர்ந்திருக்கும் காலத்தில், கட்டைவிரல் கனத்துக்கு மேற்பட்ட போத்துகளை நான்கடி நீளத்தில் வெட்டி, வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் போட்டு, ஒரு சாணுக்கு ஒன்றாக ஓரடி ஆழத்தில் நடலாம். தண்ணீர் தேங்கினால் அழுகும். ஆடு கடிக்காமல் இரண்டு வருடம் முள் அடைத்துக் காக்க வேண்டும். இட்டேரியை அகலப்படுத்த ஊரில் பேச்சு வந்தால் இரண்டு பக்க வேலியையும் எடுக்காமல் ஒரு பக்கத்தையாவது நிறுத்தப் போராடுங்கள். உடும்பும் கௌதாரியும் கீரியும் இருப்பது அந்த வேலிக்குள்தான்.

பாகப்பிரிவினை

மழையையும் கரையானையும்விட இந்தத் தோட்டங்களை அழிப்பது பாகப்பிரிவினை. தொட்டி முற்றத்துக்கு நடுவே சுவர் எழும்புகிறது. நாலு பங்காளிக்கும் பொதுவான கிணறு யாரும் தூர்வாராத கிணறாகிறது. கட்டுத்தரை இடம் யார் பங்குக்கும் ஒத்துவராமல் இடிபடுகிறது. தமிழ்நாட்டின் 1966-ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டம் அரசு அறிவித்த சின்னங்களுக்குத்தான் காப்பு. அறிவிக்கப்படாத தனியார் தோட்டத்தை நடைமுறையில் காப்பது குடும்பம் எழுதிக்கொள்ளும் பத்திரம்தான். வீட்டின் தொட்டி, ஆசாரம், களம், கிணறு, கட்டுத்தரை, வண்டித்தடம் ஆகியவற்றைப் பிரிபடாத பொதுவாக விட்டு, வரைபடத்தை இணைத்து, பராமரிப்புச் செலவை யார் எந்த விகிதத்தில், எந்த மாதத்தில் தருவது என்பதையும் எழுதிப் பதிவு செய்யுங்கள். பொது என்று மட்டும் எழுதிச் செலவை எழுதாத பத்திரத்தால் பயனில்லை. ஒரு பங்காளி விற்க நினைத்தால் மற்றவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்ற வரியும் வேண்டும். அட்டாலியில் கிடக்கும் ஓலைச்சுவடிகளையும் பட்டியலில் சேருங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 75 வருடத்துக்கு மேற்பட்ட அறிவியல், வரலாற்று, இலக்கிய அல்லது அழகியல் மதிப்புள்ள சுவடி தொல்பொருள். நூறு வருடம் தாண்டிய சிற்பமும் மரச்செதுக்கலும் அப்படியே. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

தோட்டத்தைத் தங்கும் விடுதியாக்குவதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. வருமானம் இல்லாத கூரையை யாராலும் மேய முடியாது. வீட்டை வாடகைக்கு விடலாம், சாளையை அறையாக்கலாம். கட்டுத்தரையில் மட்டும் இரண்டு மாடாவது நிற்கட்டும். மாட்டுப் பொங்கலன்று கட்டுத்தரையில் சாணத்தால் சின்னத் தெப்பக்குளம் கட்டிக் கன்றை மிதிக்க விடும் பட்டிப் பொங்கலுக்கு அந்த இடமும் அந்த மாடும் இரண்டும் வேண்டும். குளியலறை சேர்ப்பதாக இருந்தால் பழைய சுவரை உடைத்துக் குழாய் பதிக்காமல், பின்னால் பொடக்காணிப் பக்கம் தனிச் சுவரில் கட்டுங்கள். பின்னொரு நாள் எடுத்துவிட்டாலும் பழைய வீட்டுக்குச் சேதம் இருக்காது.

ஆள் தேடும்போது சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசாதீர்கள். அந்தக் கணக்கில் சீக்கிரம் முடிப்பவருக்கே லாபம், சீக்கிரம் முடிவது சிமெண்ட் மட்டுமே. நாள்கூலிக்குப் பேசி, ஓடு மேயவும் சாந்து பூசவும் தெரிந்த பெரியவரோடு ஊரிலேயே இருக்கும் இளைய கொத்தனார் ஒருவரையும் முழு வேலைக்கும் சேர்த்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஓடு நகரும்போது கூப்பிட வேண்டியது அவரைத்தான்.